உயிரியல் பயன்பாட்டுக்கான காந்த நானோ துகள்களைப் பசுமை முறையில் தயாரித்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கடுக்காய் ஊறிய நீரில் அன்னபேதிக் (பெரஸ் சல்பேட்) கரைசலை ஊற்றினால், காற்றுப் படப்பட அது கருநீலமாகிப் பின்னர் நன்றாகக் கறுத்துவிடும். பழைய நாளில் எழுதும் மை இப்படிக் கூட்டப்பட்டதுண்டு. கலம்காரித் துணியில் கருங்கோடு இழுப்பவர்கள், கடுக்காயில் தோய்த்த துணியின் மேல், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளித்த நீரைத் தொட்டு வரைவதும் இதே வேதியியல்தான். கடுக்காயில் உள்ள டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் இரும்பு அயனியைப் பற்றிக்கொண்டு உருவாக்கும் அணைவுச் சேர்மத்தின் நிறம் அது. அதற்கும் காந்தத்துக்கும் தொடர்பில்லை. தாவரச் சாற்றைக் கொண்டு காந்த நானோ துகள் தயாரிக்க முனையும் மாணவர்களில் பலர் முதல் நாளே இந்த மையைத் தயாரித்துவிட்டு, கரைசல் கறுத்ததையே மேக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடு உருவானதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல வாரம் தயாரித்துச் சேர்த்த கரும்பொடியை எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு அனுப்பி, படிகம் இருந்தால் எழ வேண்டிய முகடு ஒன்றுகூட இல்லாத தட்டையான வரைபடம் திரும்பி வந்தபோதுதான் எங்கே தவறினேன் என்று புரிந்தது. அந்த வாரங்களை வேறொருவர் இழக்க வேண்டாம் என்பதற்காகவே, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய முறையை, அளவுகளோடும் தவறக்கூடிய இடங்களோடும் இங்கே எழுதுகிறேன்.

எதைத் தயாரிக்கப் போகிறோம்

நாம் தயாரிக்கப் போவது மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாதுவில் இருப்பதும் இதே கனிமம்தான். இதன் படிகத்தில் மூன்று இரும்பு அயனிகளுக்கு இரண்டு மூவிணைதிற (பெரிக்) இரும்பாகவும் ஒன்று ஈரிணைதிற (பெரஸ்) இரும்பாகவும் இருக்கும். இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் அளவுகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

துகளின் விட்டம் ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது மேக்னடைட்டின் காந்த நடத்தை மாறிவிடுகிறது. வெளியே காந்தம் இருக்கும்வரை துகள்கள் வலுவாக ஈர்க்கப்படும். காந்தத்தை எடுத்தவுடன் காந்தத்தன்மை எதுவும் எஞ்சாது, ஆகவே அவை ஒன்றையொன்று காந்தத்தால் இழுத்துக் கட்டியாகாமல் மீண்டும் திரவத்தில் பரவ இடமுண்டு. இதைச் சூப்பர்பாராகாந்தத் தன்மை என்கிறோம். உயிரியலில் இத்துகள்களுக்கு இவ்வளவு மதிப்பு கிடைத்ததற்குக் காரணம் இந்தப் பண்பே. 2020இல் கொரோனா பரிசோதனைக்கூடங்கள் பலவற்றில் மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க உதவியவை காந்த மணிகள். எம்.ஆர்.ஐ. படத்தில் கல்லீரலைத் தெளிவாகக் காட்டுவதற்கும், மாறுதிசைக் காந்தப்புலத்தில் சூடாக்கிப் புற்றுத் திசுவை அழிப்பதற்கும் இரும்பு ஆக்சைடு துகள்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன.

புதிதாகத் தொடங்குபவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? நொதியைத் துகளின் மேல் நிலைநிறுத்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது அல்லது டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது போன்ற, உடலுக்கு வெளியே நடக்கும் பணிகளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் அறிவுரை. புற்றுநோய் உயிரணுக்களின் மேல் சோதிப்பது கட்டுரைத் தலைப்பில் அழகாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு வேண்டிய கட்டுப்பாட்டுச் சோதனைகளின் எண்ணிக்கை, முதல் முறை செய்பவரைத் திணறடித்துவிடும்.

பசுமை என்பது எதைக் குறிக்கிறது

1998இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகிய இருவரும் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு கொள்கைகளை வகுத்தனர். கழிவை உருவான பின் சுத்தம் செய்வதைவிட உருவாகாமலே தடுப்பது, தீங்கு குறைந்த கரைப்பானைக் கொள்வது, ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவது, புதுப்பிக்கக்கூடிய மூலப்பொருளை நாடுவது ஆகியவை அவற்றுள் நமக்கு நேரடியாகப் பொருந்துபவை. ஒரு முறையில் இலைச்சாறு சேர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அது பசுமையாகிவிடாது. ஒரு கிராம் துகளுக்காக ஐந்து லிட்டர் எத்தனாலைக் கழுவிக் கொட்டினால் அதில் பசுமை ஏதுமில்லை.

மேக்னடைட் துகள்களை மிகச் சீரான உருவத்தில் பெற உதவுவது வெப்பச் சிதைவு முறை. அதில் கரிம இரும்புச் சேர்மங்களை, கொதிநிலை உயர்ந்த கரிமக் கரைப்பான்களில், ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். துகள்கள் மிக ஒழுங்காக வரும். ஆனால் அவை எண்ணெயில் மட்டுமே கலக்கும், உயிரியலுக்குப் பயன்படுத்த வேண்டுமானால் மேற்பரப்பை மறுபடி மாற்ற வேண்டும், கரைப்பான் கழிவும் சேரும். இதற்கு மாற்றாக இருப்பது நீரிலேயே நடக்கும் இணைவீழ்படிவு முறை. ரெனே மசார் 1981இல் வெளியிட்ட இம்முறையில், இருவகை இரும்பு உப்புகளின் கரைசலில் காரத்தைச் சேர்த்தவுடன் மேக்னடைட் வீழ்படிவாகிறது. கரைப்பான் நீர், வெப்பம் மிதமானது, உடன்விளையும் பொருள் பெரும்பாலும் சாதாரண உப்பு. உண்மையைச் சொன்னால், தாவரச் சாறு ஒரு சொட்டும் சேராத நிலையிலேயே இம்முறை ஓரளவு பசுமையானது.

அப்படியானால் சாறு எதற்கு? இந்த இடத்தில்தான் தெளிவு வேண்டும். வெள்ளி நானோ துகள் தயாரிப்பில் சாறு ஒடுக்கியாக, அதாவது அயனிக்கு எலக்ட்ரானைத் தருவதாக, செயல்படுகிறது. வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக மாற்றும் வேலை அங்கே உண்மையாகவே நடக்கிறது. மேக்னடைட்டில் நிலைமை வேறு. இருவகை இரும்பையும் சரியான விகிதத்தில் நாமே ஊற்றியிருக்கும்போது அங்கே ஒடுக்குவதற்கு எதுவும் இல்லை. சாற்றிலுள்ள பாலிபீனால்கள் (டானின்களும் இவ்வகையே), சர்க்கரைகள், புரதங்கள் ஆகியவை துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அது கட்டியாகாமல் காக்கும் பூச்சாகின்றன. "இலைச்சாறு இரும்பை ஒடுக்கி மேக்னடைட்டை உருவாக்கியது" என்று எழுதுமுன் உங்கள் குடுவையில் எந்தெந்த உப்புகள் இருந்தன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிக் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சாற்றை ஊற்றும் முறையில் ஓரளவு ஒடுக்கம் நடக்கலாம். ஆனால் அதே பாலிபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு படிகம் வளரவிடாமல் தடுப்பதால், கிடைப்பது பெரும்பாலும் தொடக்கத்தில் சொன்ன அந்த மைதான்.

ஆகவே நாம் பின்பற்றப்போகும் வரிசை இது: முதலில் நீரில் மேக்னடைட்டை உருவாக்குவோம், கழுவுவோம், அதன் பிறகே தாவரச் சாற்றால் பூசுவோம். உருவாக்குவதையும் பூசுவதையும் ஒரே குடுவையில் ஒரே நேரத்தில் செய்வதைக் காட்டிலும் இதில் ஒரு படி கூடுதல். ஆனால் எந்தப் படியில் என்ன நடந்தது என்று சொல்ல முடியும்.

பொருள்களும் அளவுகளும்

ஏறத்தாழ ஒரு கிராம் துகள் கிடைக்கும் அளவில் தொடங்கலாம். பெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 2.70 கிராம், அதாவது 0.010 மோல். பெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 1.39 கிராம், அதாவது 0.005 மோல். முழுமையாக மாறினால் 1.16 கிராம் மேக்னடைட் கிடைக்கும். இதற்குக் கணக்குப்படி 0.04 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது ஒரு மோலார் கரைசலில் 40 மி.லி. வேண்டும், நடைமுறையில் பி.எச். 10க்கு மேல் நிற்க இன்னும் சில மி.லி. கூடுதலாகச் செல்லும். பல நூல்களில் அம்மோனியாக் கரைசலைச் சொல்லியிருப்பார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும்; ஆனால் புகைபோக்கி சரியில்லாத ஆய்வகத்தில் அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் வருத்தும் என்பதால் நான் சோடியம் ஹைட்ராக்சைடையே விரும்புகிறேன். எதைப் பயன்படுத்தினாலும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

உப்புகளை எடை போடுமுன் கண்ணால் பாருங்கள். பெரஸ் சல்பேட் படிகங்கள் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்புப் பொடி படிந்திருந்தால் அதன் ஒரு பகுதி காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. நீங்கள் எடை போடும் 1.39 கிராமில் உண்மையான பெரஸ் குறைவாகவே இருக்கும், விகிதம் தொடக்கத்திலேயே தவறிவிடும். பெரிக் குளோரைடு காற்றின் ஈரத்தை விரைந்து உறிஞ்சும், ஆகவே அதைக் கடைசியாக எடை போட்டு உடனே கரைத்துவிட வேண்டும்.

தொழிற்சாலைத் துருவையும் எஃகுக் கழிவையும் இரும்பு மூலமாகக் கொள்ளலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. நீரைத் தூய்மைப்படுத்தும் துகள்களுக்கு அது ஆராயத்தக்க வழி. உயிரணுவைத் தொடப்போகும் துகளுக்கு வேண்டாம். எஃகில் குரோமியமும் நிக்கலும் மாங்கனீசும் கலந்திருக்கக்கூடும், அவை துகளோடு சேர்ந்தே வந்து, எந்த நச்சுத்தன்மை எதனால் என்று பிரித்தறிய முடியாமல் செய்துவிடும்.

தாவரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வேண்டுகோள். இதுவரை யாரும் பயன்படுத்தாத செடி என்பதற்காக அரிய மூலிகையைக் காட்டிலிருந்து பறித்து வராதீர்கள். மாதுளைத் தோல், பயன்படுத்திய தேயிலை, எலுமிச்சைத் தோல், முருங்கை இலை போன்றவை போதுமான பாலிபீனால் உடையவை. வீணாகப் போகும் பொருளைப் பயன்படுத்துவதே கொள்கைக்கும் பொருந்துவது. அடுத்த பகுதியில் மாதுளைத் தோலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

சாறு எடுத்தல்

தோலைக் குழாய்நீரில் கழுவி, வடிநீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பொடியாக்குங்கள். 5 கிராம் பொடியை 100 மி.லி. வடிநீரில் இட்டு, 70 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, முதலில் துணியிலும் பின்னர் வடிதாளிலும் வடிகட்டுங்கள். கொதிக்க விட வேண்டியதில்லை. சாற்றை 4 டிகிரியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள். அதற்கு மேல் பூஞ்சை பிடிக்கும், நிறமும் மாறும்.

இந்த இடத்தில் பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. சாற்றின் மொத்தப் பீனால் அளவை ஃபோலின்–சியோகால்ட்டூ முறையில், காலிக் அமிலத்துக்கு நிகராக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துத் தோலும் கோடைக்காலத்துத் தோலும் ஒரே சாற்றைத் தருவதில்லை. ரகம் மாறினாலும் சாறு மாறும். "20 மி.லி. சாறு சேர்த்தேன்" என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு உங்களாலேயே அதைத் திரும்பச் செய்ய முடியாமல் போகலாம். எவ்வளவு பீனால் சேர்த்தீர்கள் என்று தெரிந்தால் சாற்றின் அளவைக் கூட்டியோ குறைத்தோ ஈடுசெய்யலாம்.

வீழ்படிவாக்குதல்

வடிநீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் பெருமளவு வெளியேறிவிடும். நைட்ரஜன் உருளை இருந்தால் குடுவைக்குள் மெல்லச் செலுத்திக்கொண்டே இருப்பது மேலும் நல்லது. அது இல்லாத ஆய்வகங்களில் பெரஸ் உப்பைப் பத்து விழுக்காடு கூட்டி, அதாவது 1.53 கிராமாக எடுத்துக்கொண்டால், காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும் பகுதிக்கு அது ஈடாகும்.

இந்த நீரில் 100 மி.லி. எடுத்து இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, இரு உப்புகளையும் கரையுங்கள். அமிலம் சிறிது இருந்தால் பெரஸ் அயனி காற்றில் மாறுவது மந்தமாகும். கரைசலை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கலக்குவதற்கு மேலிருந்து சுழலும் இயந்திரக் கலக்கியைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது காந்தக் கலக்கி. ஆனால் மேக்னடைட் உருவான கணமே அது கலக்கும் காந்தத் துண்டின் மேல் போய் அப்பிக்கொள்ளும். கலங்குவது நின்றுவிடும், துகளில் ஒரு பகுதி கரடு கட்டிவிடும், விளைச்சல் கணக்கும் பொய்த்துவிடும்.

இப்போது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ப்யூரெட்டிலிருந்து விடுங்கள். நிறம் மாறுவதைக் கவனியுங்கள்: ஆரஞ்சு மஞ்சள், செம்பழுப்பு, பிறகு திடீரென்று கருமை. இங்கே இன்னும் சாறு சேரவில்லை என்பதால் இந்தக் கருமையை ஓரளவு நம்பலாம். பி.எச். 10க்கும் 11க்கும் இடையே நின்றபின் மேலும் 45 நிமிடம் அதே வெப்பத்தில் கலக்கிக்கொண்டிருங்கள். காரத்தை எந்த வேகத்தில் விட்டீர்கள், கலக்கி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றியது என்பவை துகளின் உருவளவைத் தீர்மானிப்பவை. முதல் முயற்சியில் எந்த வேகத்தைத் தேர்ந்தாலும் அடுத்தடுத்த முயற்சிகளில் அதையே கடைப்பிடியுங்கள்.

கருமை வராமல் செம்பழுப்பிலேயே நின்றுவிட்டால் பெரஸ் குறைவு என்று பொருள். உப்பு பழையதாக இருக்கலாம் அல்லது காற்று புகுந்திருக்கலாம். பச்சை நிறம் கலந்த கலங்கல் தோன்றினால் காரம் போதவில்லை அல்லது பெரஸ் மிகுந்துவிட்டது. இரண்டு நிலையிலும் அந்தத் தொகுதியைத் திருத்த முயலாமல் ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

கழுவுதல்

பீக்கரின் அடியில் வலுவான நியோடிமியம் காந்தத்தை வைத்தால் சில நிமிடங்களில் துகள்கள் அடியில் திரண்டு, மேலே தெளிந்த நீர் நிற்கும். நீரைச் சாய்த்து ஊற்றிவிட்டுப் புதிய வடிநீர் சேர்த்துக் கலக்கி, மீண்டும் காந்தத்தில் வையுங்கள். மைய விலக்கியின் மின்செலவு இதில் இல்லை. காந்தத்துக்கு வராமல் மேல்நீரில் பழுப்பாக மிதப்பது மேக்னடைட் ஆகாத இரும்பு ஹைட்ராக்சைடாக இருக்கக்கூடும். அதைத் துகளோடு சேர்த்துவிடாமல் வெளியேற்றுங்கள். ஆகவே கழுவுவது தூய்மைக்கு மட்டுமன்றி, தேர்ந்தெடுப்பதற்கும் உதவுகிறது.

உப்பு நீங்கியதா என்று அறிய வெள்ளி நைட்ரேட்டையும் பேரியம் குளோரைடையும் சொட்டு விட்டுப் பார்ப்பது வகுப்பறை வழக்கம். வெள்ளியும் பேரியமும் நச்சுக் கழிவைச் சேர்ப்பவை. கழுவிய நீரின் மின்கடத்துதிறனை ஒரு சிறு கருவியால் அளந்தாலே போதும். அடுத்தடுத்த இரு கழுவல்களில் அது ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, பி.எச்.உம் 7க்கு அருகில் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் முறை எவ்வளவு பசுமையானது என்பதை எண்ணாலேயே சொல்லலாம். ரோஜர் ஷெல்டன் முன்வைத்த ஈ காரணி என்பது, ஒரு கிராம் விளைபொருளுக்கு எத்தனை கிராம் கழிவு என்னும் விகிதம். நம் அளவுகளின்படி 1.16 கிராம் மேக்னடைட்டோடு 1.75 கிராம் சோடியம் குளோரைடும் 0.71 கிராம் சோடியம் சல்பேட்டும் உருவாகின்றன. நீரைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஈ காரணி ஏறத்தாழ 2.1. கழுவும் நீர் ஒரு லிட்டரைக் கணக்கில் சேர்த்தால் அது 860ஐத் தாண்டிவிடும். எங்கே சிக்கனம் வேண்டும் என்பதை இந்த இரு எண்களே காட்டிவிடும்: ஒரே தடவை அரை லிட்டர் ஊற்றுவதைவிட, நூறு நூறு மி.லி.யாக மூன்று நான்கு தடவை கழுவுவது குறைந்த நீரில் கூடுதலாக உப்பை நீக்கும்.

பூச்சு ஏற்றுதல்

கழுவிய துகள்களை 100 மி.லி. நீரில் பரப்பி, 20 மி.லி. சாற்றைச் சேர்த்து, 50 முதல் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். காரம் மிகுந்த கரைசலில் சாற்றை ஊற்றாமல் கழுவும்வரை காத்திருந்ததற்குக் காரணம் உண்டு: பி.எச். உயர்ந்த நிலையில் பாலிபீனால்கள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து விரைவில் பழுப்பாகிச் சிதைகின்றன. மறுபுறம், மாதுளைத் தோல் சாறு புளிப்பானது, பி.எச். மிகவும் இறங்கினால் மேக்னடைட்டின் மேற்பரப்பே கரையத் தொடங்கி, கரைந்த இரும்பு டானினோடு சேர்ந்து மறுபடி மையாகும். ஆகவே சாற்றைச் சேர்த்தவுடன் பி.எச்.ஐ அளந்து, நீர்த்த காரம் சில சொட்டு விட்டு 7க்கும் 8க்கும் இடையே நிறுத்துங்கள்.

ஒட்டாத சாற்றை நீக்க மீண்டும் காந்தத்தால் கழுவுங்கள். இதே துகளில் ஒரு பகுதியைச் சாறு சேர்க்காமலும், இன்னொரு பகுதியை சிட்ரேட்டாலோ டெக்ஸ்ட்ரானாலோ பூசியும் வைத்துக்கொண்டால் பிற்பாடு ஒப்பிட உதவும். இந்த ஒப்பீடு இல்லாமல் சாற்றுப் பூச்சு சிறந்தது என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

உயிரியலுக்காகத் தயாரித்த துகளை முழுவதுமாக உலர்த்திப் பொடியாக்காதீர்கள். உலரும்போது நெருங்கி ஒட்டிக்கொள்ளும் துகள்களை எவ்வளவு மீயொலி கொடுத்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். சோதனைக்கு வேண்டிய சிறு பகுதியை மட்டும் 50 டிகிரியில் உலர்த்துங்கள். வெப்பம் கூடினால் காற்றில் மேக்னடைட், ஈரிணைதிற இரும்பை இழந்த மேக்ஹமைட் என்னும் இரும்பு ஆக்சைடாக மாறி நிறம் பழுப்பை நோக்கிச் செல்லும். எஞ்சியதை நீரிலேயே வைத்து, அதிலிருந்து ஒரு மி.லி. வீதம் மூன்று முறை எடுத்து உலர்த்தி எடை பார்த்தால் செறிவு தெரிந்துவிடும்.

உண்மையிலேயே மேக்னடைட்தானா

காந்தத்துக்கு இழுபட்டால் மட்டும் போதாது. கட்டாயம் செய்ய வேண்டியது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை. செம்பு கே ஆல்பா கதிரில் 30.1, 35.5, 43.1, 53.4, 57.0, 62.6 டிகிரி ஆகிய இடங்களில் முகடுகள் எழ வேண்டும், 35.5 மிக உயரமாக இருக்கும். இந்த முகட்டின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டால் படிகத்தின் உருவளவைக் கணக்கிடலாம். அரை உயரத்து அகலம் 0.80 டிகிரி என்று கொள்வோம். அதை ரேடியனாக மாற்றினால் 0.01396, அலைநீளம் 0.15406 நானோமீட்டர், மாறிலி 0.9, கோணத்தின் பாதியான 17.75 டிகிரிக்குக் கோசைன் 0.952. விடை ஏறத்தாழ 10.4 நானோமீட்டர். ரேடியனாக மாற்ற மறந்தால் 0.18 நானோமீட்டர் என்று வரும். மேக்னடைட்டின் அலகுக்கூடே 0.84 நானோமீட்டர் என்பதால், அப்படி ஒரு விடை வந்தவுடன் தவறு தெரிந்துவிட வேண்டும்.

மேக்ஹமைட்டின் முகடுகளும் ஏறத்தாழ அதே இடங்களில் விழுவதால், இவ்வளவு சிறிய துகளில் இரண்டையும் இச்சோதனையால் மட்டும் பிரித்தறிவது அரிது. மோஸ்பவர் நிறமாலை இதற்குத் துணைசெய்யும். ராமன் நிறமாலையும் உதவும். ஆனால் லேசரின் வலு மிகுந்தால் மாதிரியே சூடேறி ஹெமடைட் என்னும் வேறொரு இரும்பு ஆக்சைடாக மாறிவிடும், ஆகவே மிகக் குறைந்த வலுவில் எடுக்கச் சொல்லுங்கள். இவை கிட்டாத நிலையில் "மேக்னடைட் அல்லது மேக்ஹமைட், அல்லது இரண்டும் கலந்தது" என்று எழுதுவது முற்றிலும் நேர்மையானது. புற ஊதா–கண்ணுறு நிறமாலையில் ஒரு முகட்டைக் காட்டி மேக்னடைட் உருவானது என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வெள்ளித் துகளுக்கு இருப்பது போன்ற, எலக்ட்ரான்கள் ஒளியோடு கூட்டாக அசைவதால் எழும் பிளாஸ்மான் முகடு இரும்பு ஆக்சைடுக்கு இல்லை. அங்கே தெரிவது பெரும்பாலும் சாற்றின் பீனால்களே. அகச்சிவப்பு நிறமாலையில் 580 செ.மீ.⁻¹ஐ ஒட்டிய அலையெண்ணில் இரும்பு–ஆக்சிஜன் பிணைப்பும், அதற்கு மேலே பூச்சின் கரிமப் பிணைப்புகளும் தெரியும்.

காந்த அளவீட்டில் இரண்டைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் வளைகோடு தொடக்கப்புள்ளி வழியாகவே சென்று திரும்ப வேண்டும்; தெவிட்டுக் காந்தமாக்கல் (வலுவான புலத்தில் துகள் எட்டும் உச்சக் காந்தமாக்கல்) எவ்வளவு என்பது அடுத்தது. திரளான மேக்னடைட்டுக்கு அது கிராமுக்கு ஏறத்தாழ 92 இ.எம்.யு. (காந்தத் திருப்புத்திறனின் அலகு); நானோ துகளில் அதைவிடக் குறையும், பூச்சு ஏறினால் இன்னும் குறையும். சூடாக்கும்போது குறையும் எடையை அளக்கும் வெப்ப எடைப்பகுப்பால் பூச்சின் எடையை அறிந்து, அதைக் கழித்து, ஒரு கிராம் இரும்பு ஆக்சைடுக்கு எவ்வளவு என்று சொன்னால்தான் ஒப்பீடு சரியாகும். இக்கருவிகள் உங்கள் கல்லூரியில் இல்லாமல் இருக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்றவை வெளி ஆய்வாளர்களின் மாதிரிகளையும் கட்டணம் பெற்று அளந்து தருகின்றன.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் இருநூறு துகளையாவது அளந்து சராசரி சொல்லுங்கள். ஒளிச்சிதறல் சோதனை தரும் உருவளவு இதைவிடப் பல மடங்கு பெரிதாக வந்தால் திகைக்க வேண்டாம். அது பூச்சையும் சுற்றியுள்ள நீர்ப்படலத்தையும் சிறு திரள்களையும் சேர்த்து அளக்கிறது. இரண்டையும் எழுதுங்கள்.

உயிரணுவின் முன் கொண்டுசெல்லும்போது

வடிநீரில் நாட்கணக்காக நிலைத்து நிற்கும் துகள், உப்பு கலந்த தாங்கல் கரைசலிலோ உயிரணு வளர்ப்பு ஊடகத்திலோ சில நிமிடங்களில் திரண்டு படிந்துவிடலாம். ஆகவே உயிரணுவைத் தொடுமுன், அதே ஊடகத்தில், 37 டிகிரியில், 24 மணி நேரம் வைத்து உருவளவு மாறுகிறதா என்று பாருங்கள். துகள் அடியில் படிந்து உயிரணுவை மூடிவிட்டால், அதனால் நேரும் இறப்பை நச்சுத்தன்மை என்று தவறாக எண்ணிவிடுவோம்.

பசுமைத் துகளுக்கு எம்.டி.டி. சோதனையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. உயிருள்ள செல் எம்.டி.டி. என்னும் மஞ்சள் சாயத்தை ஒடுக்கி ஊதா நிறமாக்குவதை வைத்துத்தான் எத்தனை செல் பிழைத்தது என்று கணக்கிடுகிறோம். பாலிபீனால்களோ செல் எதுவும் இல்லாமலே அதை ஒடுக்கவல்லவை. துகளும் 570 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்து, இறந்த செல்லையும் பிழைத்ததாகக் காட்டும். செல் இல்லாத கிண்ணத்தில் துகளையும் சாயத்தையும் மட்டும் இட்டு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். சாயம் சேர்க்குமுன் செல்களை நன்றாகக் கழுவுங்கள். இறந்த செல்லில் மட்டும் ஏறும் ட்ரைபான் நீலம் போன்று வேறு அடிப்படையில் இயங்கும் இன்னொரு சோதனையாலும் சரிபாருங்கள். பாக்டீரியாவுக்கு எதிரான சோதனையிலும் இதற்கு ஒப்பான பிழை நேர்கிறது: அகார் தட்டில் துகள் எளிதில் பரவாது, துகள் இட்ட தாள் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் தோன்றினால் அது துகளிலிருந்து கசிந்த சாற்றின் வேலையாக இருக்கலாம். சாறு மட்டும், பூசாத துகள் மட்டும், பூசிய துகள் என மூன்றையும் திரவ ஊடகத்தில் நீர்த்துக்கொண்டே போய் ஒப்பிடுவதுதான் முறை.

தாவரப் பொருளோடு நுண்ணுயிர்களும், பாக்டீரியாவின் செல் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்னும் நச்சும் வரும். தயாரித்து முடித்த துகளில் அவற்றை நீக்குவது எளிதல்ல. 0.22 மைக்ரான் வடிகட்டி திரண்ட துகளைப் பிடித்துக்கொள்ளும். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பூச்சைக் கெடுக்கலாம். ஆகவே சாற்றைத் துகளில் சேர்க்குமுன்பே வடிகட்டி, கழுவும் நீரையும் பாத்திரங்களையும் முன்னரே கிருமி நீக்கிக்கொண்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கிருமி நீக்கினாலும் எண்டோடாக்சின் எஞ்சக்கூடும் என்பதால் அதைத் தனியே அளந்துகொள்ள வேண்டும்.

இயற்கைப் பூச்சு என்பதால் பாதுகாப்பானது என்று எழுதிவிடாதீர்கள். பெருமாக்சிடால் என்னும் இரும்பு ஆக்சைடு மருந்துக்கு, சிறுநீரக நோயாளிகளின் இரும்புக்குறை இரத்தசோகைக்காக, 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. மாற்றியமைத்த சர்க்கரைச் சங்கிலியால் பூசிய அம்மருந்துக்கே, கடுமையான ஒவ்வாமை நேரக்கூடும் என்று 2015இல் மிக வலுவான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. விலங்குச் சோதனைக்கும் மனித இரத்த மாதிரிக்கும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இரத்தச் சிவப்பணு சிதைவுச் சோதனைக்கு நண்பரின் கையிலிருந்து இரண்டு மி.லி. எடுத்தாலும் இது பொருந்தும்.

கழிவும் சேமிப்பும்

இரும்பு படாத சாற்றுச் சக்கையை எருக்குழியில் இடலாம். கழுவிய நீரைத் தொட்டியில் கொட்டிவிடாமல் ஒரு வாளியில் சேர்த்து, பி.எச்.ஐ 7க்கும் 8க்கும் இடையே கொண்டுவந்து, ஓரிரவு விட்டுவிடுங்கள். கரைந்த இரும்பு பழுப்பாக அடியில் தங்கும். காந்தத்தை ஒருமுறை உள்ளே சுழற்றினால் தப்பிய துகள்களும் பிடிபடும். தெளிந்த நீரை வெளியேற்றி, படிந்ததை உலர்த்தித் திடக்கழிவாக ஒப்படையுங்கள். உலர்ந்த நானோ பொடியைக் கையாளும்போது முகக்கவசம் அணிய வேண்டும். ஊதிவிட்டுத் துடைக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

துகளை நிறமேறிய கண்ணாடிப் புட்டியில், விளிம்புவரை நிரப்பி, 4 டிகிரியில் வையுங்கள். உறைய விட வேண்டாம். புட்டியின் மேல் தயாரித்த நாள், உப்புகளின் தொகுதி எண், சாற்றின் பீனால் அளவு, பி.எச்., ஒரு மி.லி.க்கு எத்தனை மில்லிகிராம் இரும்பு என்பவற்றை எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஒளிச்சிதறல் அளவையும் நிறத்தையும் பார்த்து அதே சீட்டில் குறித்து வாருங்கள். கருமை குறைந்து பழுப்பு ஏறினால் துகள் மேக்ஹமைட்டை நோக்கி நகர்கிறது. உருவளவு இரட்டித்தால் பூச்சு உரிகிறது. அந்தப் புட்டியை அதற்கு மேல் உயிரணுச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.